காரைச் சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாட்டனார் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டில் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசினாராம். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இடுப்புயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிர்கிறது. சிமென்ட் மட்டமா, கொத்தனார் வேலை மட்டமா என்று கேட்கிறார்.

இரண்டிலும் குறையில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பூச்சு சேராது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து வீடுகளின் அடித்தளத்தில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு கிடையாது. செங்கல் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். காரைப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம்; ஏறிய ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். சிமென்ட் பூச்சோ இறுக்கமானது. போக வழியில்லாத ஈரம் இன்னும் உயரமாக ஏறும். அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சையே நெட்டித் தள்ளும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எங்கள் களத்தில் சரியாகக் காயாத மஞ்சளைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் பூசணம் பிடித்துவிடும். சுவருக்கும் அதே கதிதான்.

இத்தனைக்கும் சுண்ணாம்புக் காரைக்கும் சிமென்டுக்கும் மூலம் ஒரே கல். மதுக்கரையில் 1934-இல் சிமென்ட் ஆலை வரக் காரணமே அங்குள்ள சுண்ணாம்புக்கல். அதைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். களிமண் சேர்த்து 1,450 டிகிரி வரை சுட்டு, ஜிப்சம் கலந்து அரைத்தால் சிமென்ட்.

சுண்ணாம்பில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. நீர்விட்டு நீற்றி, மணல் சேர்த்து அரைத்துச் சுவரில் பூசிய பிறகு, சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு அது மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடுகிறது. இதற்கு மாதங்கள் ஆகும். கனமான சுவரென்றால் ஆண்டுகளே ஆகும். அதுவரை உள்ளே மிச்சமிருக்கும் சுண்ணாம்பும் சும்மா இருப்பதில்லை. மயிரிழை விரிசலில் மழைநீர் இறங்கினால் அதில் கரைந்து, விரிசலிலேயே படிந்து, கல்லாகி அதை அடைத்துவிடுகிறது. ரோமானியர் கான்கிரீட்டிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் இதே வேலையைத்தான் செய்கின்றன என்று 2023-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் ஊர்க் காரையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் வேறு சேரும். செக்கில் மாடு கட்டிச் சுண்ணாம்பு அரைத்த கல்லுருளைகள் வேலியோரம் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்க்கையில் மனம் கனக்கிறது. தெரியாமல் விட்ட வித்தையல்ல இது, அவசரத்தில் விட்டது. காரை காயப் பொறுமை வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு அது இல்லை, நமக்கும் இல்லாமல் போய்விட்டது.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். சிமென்ட் பூச்சை முழுவதும் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். தாழ்வாரத்து மழைநீர் சுவரோரம் தேங்காமல் வழிசெய்யுங்கள். அதன்பின் சுண்ணாம்புக் காரையே பூசி, மேலே வெள்ளையடியுங்கள். உங்கள் ஊரில் காரை வேலை தெரிந்த முதிய கொத்தனார் இருந்தால் அவரையே கூப்பிடுங்கள். கூடவே இளைஞர் ஒருவரையும் வேலைக்கு நிறுத்தி, அவருடைய கூலியையும் நீங்களே கொடுங்கள்.