தக்காளி: குட்டை ரகமா, வளரும் ரகமா? விதை வாங்கும் முன் ருசியையும் பாருங்கள்

தண்டையார்பேட்டை காய்கறிக் கடைகளில் தக்காளி இரண்டு குவியலாக இருக்கும். ஒன்று நாட்டுத் தக்காளி. மற்றொன்று பெங்களூர் தக்காளி, நவீன் என்று சொல்லப்படும் ஹைபிரிட் பழம். ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் புளிப்பு வேண்டும் என்பவர்கள் முதல் குவியலில் கை வைப்பார்கள். நாலு நாள் கெடாமல் இருக்கட்டும் என்பவர்கள் அடுத்ததை எடுப்பார்கள். பொன்னேரி, மீஞ்சூர் பக்கமிருந்து இந்தக் கடைகளுக்குக் காய் அனுப்ப நினைக்கும் விவசாயிகள், எந்தக் குவியலுக்காகப் பயிர் செய்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

செடியின் வளர்ச்சியைப் பாருங்கள். குட்டை ரகத்தில் கிளை நுனி பூங்கொத்தில் முடிந்து வளர்ச்சி நின்றுவிடும். காய்கள் சில வாரங்களில் மொத்தமாக வரும். அந்த நேரம் விலை சரிந்தால் தாங்க வழியில்லை. ஆகவே முழு நிலத்திலும் ஒரே நாளில் நடாமல், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக நடுங்கள். வளரும் ரகம் தொடர்ந்து காய்க்கும். ஆனால் குச்சி நட்டுக் கட்டவேண்டும், ஆள் கூலி கூடும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 குட்டையானது. 100 முதல் 105 நாளில் முடிந்துவிடும், ஏக்கருக்குச் சுமார் 16 டன் வரும். மொட்டை மாடித் தொட்டிக்கும் ஏற்றது. பெரியகுளத்தின் பி.கே.எம் 1, அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து வந்தது. வயது 135 நாள். தட்டை உருண்டைப் பழம், தூரம் அனுப்பினாலும் தாங்கும். டெல்லியின் பூசா ரூபி சீக்கிரம் காய்க்கும், இலேசான புளிப்பு, ஆனால் படர்ந்து வளரும். இலைச்சுருள் வைரஸ் தொல்லை உள்ள இடத்துக்குப் பெங்களூரின் அர்கா ரக்ஷக் உதவும். அது ஹைபிரிட் என்பதால் ஒவ்வொரு முறையும் விதை வாங்கவேண்டும். கோ 3, பி.கே.எம் 1 இரண்டிலும் நல்ல பழத்திலிருந்து நீங்களே விதை எடுத்துக்கொள்ளலாம்.

புளிப்பு எங்கிருந்து வருகிறது? விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான சாற்றில்தான் அது அதிகம். சதை தடித்த ஹைபிரிட் பழத்தில் அந்தச் சாறு குறைவு, ஆகவே புளிப்பும் குறைவு. பி.கே.எம் 1 காயில் காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்து, 'சரியாகப் பழுக்காது' என்று வியாபாரி விலையைக் குறைப்பதுண்டு. அந்தப் பச்சைதான் பழத்தில் சர்க்கரை கூட உதவுகிறது. அது இல்லாமல் ஒரே சீராகப் பழுக்கும் ரகங்களில் இனிப்பு குறைவதற்கான காரணத்தை 2012-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். பேரம் பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்!

மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருக்கிறது. இலேசான உப்புத் தண்ணீரில் பழம் சிறுக்கும், இனிப்பு சற்றுக் கூடும். அதோடு செடி சுண்ணாம்புச் சத்தை எடுக்க முடியாமல் பழத்தின் அடி கறுத்து அழுகும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் இது இன்னும் மோசமாகும். சிறிது சிறிதாக, சீராகப் பாய்ச்சுங்கள். நடுவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் வயலில் நட்டால் வேர் அழுகும். நவம்பரில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, 25 நாள் நாற்றை டிசம்பர் நடுவில் நட்டால், ஜனவரி குளிரில் பூ நன்றாகப் பிடிக்கும். மார்ச் கடைசிக்குப் பிறகு, இரவிலும் வெப்பம் குறையாதபோது பூ உதிர ஆரம்பித்துவிடும்.