ரிவி இயங்கவில்லையா? முதலில் இவற்றைப் பார்ப்போம்

உழவு இயந்திரப் பெட்டியில் ஊர் ஊராகக் குலுங்கி, கொட்டிலில் சாரலும் பட்ட தொலைக்காட்சிப் பெட்டி ஒருநாள் இயங்க மறுப்பது புதுமையல்ல. திருத்துநரிடம் கொண்டு ஓடினால் பஸ் காசும் கூலியும் போகும். அதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. ஆனால் பெட்டி நனைந்திருந்தால் பிளக்கைச் செருகவே வேண்டாம். உலரவிட்டுத் திருத்துநரிடம் காட்டுவோம்.

முதலாவது, அதே பிளக் பொயின்றில் மேசை விளக்கொன்றைச் செருகிப் பாருங்கள். எரியாவிட்டால் பழுது ரிவியில் அல்ல. ட்ரிப் சுவிச் விழுந்திருக்கலாம். தூக்கிவிட்டும் மீண்டும் விழுந்தால் வயரிங் தெரிந்தவரை அழையுங்கள்.

இரண்டாவது, பிளக்கைக் கழற்றிவிட்டு வயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். சதுர ஊசிப் பிளக்கினுள் சிறு பியூஸ் இருக்கும். அது எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவில் புதியதைப் போடுங்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடுவது வீட்டுக்குத் தீ வைப்பது போன்றது.

மூன்றாவது, ரிவியின் சிறு சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் மின்சாரம் வருகிறது. ரிமோட் பற்றரியை மாற்றுங்கள். பெட்டியிலுள்ள பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தும் இயங்காவிட்டால் அதற்கு மேல் நம் வேலை இல்லை. பழைய குழாய்த்திரை வர்ண ரிவியினுள் 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது தங்கி நிற்கும். பின்மூடியைத் திறக்காதீர்கள், பிள்ளைகளையும் திறக்க விடாதீர்கள். இடிமுழக்கம் தொடங்குமுன் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். செய்தியை அயல்வீட்டில் கேட்கலாம். போன உயிர் திரும்பாது.