கடலோர முகாமுக்கு ஒரு முல்லைக்காரர்

‘முகாம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குப் பாடசாலை மண்டபமும், நிவாரண அட்டையும், தண்ணீர்ப் பவுசருக்கு முன்னால் நின்ற வரிசையும்தான் நினைவுக்கு வரும். 1990இல் வன்செயலால் ஓடியவர்கள், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறியபோது ஓடியவர்கள், இரண்டு தடவையும் ஓடியவர்கள் என்று கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை எத்தனையோ குடும்பங்கள் உண்டு. இக்கட்டுரை வேறொரு வகை முகாமைப் பற்றியது. மக்கள் விரும்பி வந்து, காசு கொடுத்து, கூடாரத்தில் இரண்டொரு நாள் தங்கிப் போகும் கடற்கரை முகாம் அது. அதைக் காத்து நடத்த ஒரு குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். அந்தக் குடும்பமாக நாம் இருக்கலாமா?

வேலை என்ன?

அமெரிக்காவின் அரச பூங்காக்களில் இப்படியான காவல் குடும்பங்கள் பல உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்ற கணவன் மனைவியர். தங்கள் வீட்டு வண்டியோடு வந்து ஒரு பருவம் முழுவதும் முகாமில் இருப்பார்கள். தங்க இடமும் தண்ணீரும் மின்சாரமும் இலவசம். பதிலுக்கு, வருபவரை வரவேற்பார்கள்; இடம் காட்டுவார்கள்; மலசலகூடம் கழுவுவார்கள்; இரவில் நெருப்பு அணைந்ததா என்று பார்ப்பார்கள்.

இது நமக்குப் புதிய வேலையா? போடியாரின் வயலில் முல்லைக்காரர் செய்தது இதைத்தானே! வாடியில் படுத்து, யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்து, வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் பார்த்து, போகம் முடியும் வரை பொறுப்பாக இருந்தவர் அவர். கடலோர முகாமுக்கும் அப்படி ஒரு முல்லைக்காரர்தான் தேவை.

காலம் பொருந்துகிறது

அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி தாண்டிப் போனால் பொத்துவில். அதையடுத்து அறுகம்குடா. அலைச்சறுக்கு விளையாட உலகெங்கும் இருந்து ஆட்கள் வரும் கரை அது. அவர்கள் வருவது பெரும்பாலும் மே முதல் ஒக்டோபர் வரை. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கரை வெறிச்சோடிவிடும்.

நமது பெரும்போகம் மழையோடு தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. மானாவாரி வேளாண்மை செய்பவருக்கு அதன் பின் வயலில் வேலையில்லாத மாதங்களே கரையில் வேலையுள்ள மாதங்கள். இங்கினியாகலைத் தண்ணீர் பாயும் வயல்காரருக்குச் சிறுபோகமும் இருப்பதால், வீட்டில் யார் வயலுக்கு, யார் முகாமுக்கு என்று முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வயலைக் கைவிட்டு இதற்கு இறங்காதீர்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு, 2024 ஒக்டோபரில் அறுகம்குடாவைப் பற்றி அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கை என்று ஐந்தாறு வருடத்துக்குள் நான்கு தடவை உல்லாசப் பயணிகள் வராமல் போனார்கள். வெள்ளம் வந்தாலும் நெல் அடுத்த போகத்தில் விளையும். வெளியூரார் எப்போது திரும்புவார்கள் என்பது நம் கையில் இல்லை.

குடியேறும் முதல் வாரம்

முதலில் கிணற்றைப் பாருங்கள். கரையில் நல்ல தண்ணீர் உவர் நீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கும். இயந்திரம் வைத்து அதிகம் இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளை இறைத்து இறைத்துக் கெடுத்த அனுபவம் நமக்கு உண்டு. மலசலகூடக் குழி கிணற்றுக்குக் குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். மணல் நிலமானால் இன்னும் தள்ளி இருப்பது நல்லது.

இரண்டாவது, வந்தவர் பையை இறக்கு முன்பே மேட்டுக்குப் போகும் பாதையைக் காட்டுங்கள். நிலம் நீடித்து நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ யாரையும் கேட்டு நிற்காமல் அந்தப் பாதையில் ஓட வேண்டும் என்று சொல்லுங்கள். 2004இல் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க யாரால் முடியும்?

மூன்றாவது, களப்பில் முதலை உண்டு. கரைக்கு யானையும் வரும். கூடாரத்துக்குள் பழமோ சோறோ வைக்க விடாதீர்கள். ஆமை முட்டையிட வரும் கரையில் இரவு வெளிச்சம் குறைவாக இருக்கட்டும்.

வீட்டு ஒழுங்கையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மது இல்லை, பன்றி இறைச்சி இல்லை, தொழுகை நேரத்தில் சத்தம் இல்லை என்றால் வருபவர் மதித்து நடப்பார். வந்த பின் சொன்னால்தான் மனக்கசப்பு.

காணி யாருடையது?

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுதான். முல்லைக்காரர் எவ்வளவு நன்றாகக் காத்தாலும் வயல் போடியாருடையது. அதனால்தான் போகம் தொடங்கு முன்பே தன் கூலி எவ்வளவு நெல் என்று பேசிக்கொண்டார்.

ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். ஹோட்டல்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2005இல் கோமாரி முதல் பாணமை வரைக்கும் உல்லாசப் பயணத்துக்கென்று ஒரு பெருந்திட்டம் தீட்டப்பட்டபோது ஊரவர் எதிர்த்து நின்றார்கள். 2010 ஜூலையில் பாணமைப் பக்கம் ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய ஐந்து இடங்களில் சேனையும் வயலும் செய்த 350 குடும்பங்கள் காணியை இழந்தன. அந்தக் கரையில் கடற்படை நடத்தும் உல்லாச விடுதி எழுந்தது. காணியைத் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் வந்த பிறகும் அந்த மக்கள் போராட வேண்டியிருந்தது.

ஆகவே கூடாரத்தின் முதல் ஆணியை அடிக்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். பிரதேச செயலகத்தில் காணியின் உரித்தைப் பாருங்கள். கடல் எல்லையிலிருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டவும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதைப் பார்க்காமல் யாருக்கும் வேலி கட்டிக் கொடுக்காதீர்கள். சம்பளமா பங்கா, எத்தனை மாதம், நோய் வந்தால் என்ன, பருவம் முடிந்தால் வாடி யாருக்கு என்று தமிழில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். தனிக் குடும்பமாகப் போவதைவிட நாலைந்து குடும்பம் சங்கமாகப் பதிந்து பேசினால் சொல்லுக்கு நிறை கூடும்.

முகாமில் வரிசையில் நின்றவருக்கு, தண்ணீர் எங்கே, மலசலகூடம் எங்கே, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத கலக்கம் எப்படியிருக்கும் என்று தெரியும். வருபவர் கேட்கு முன்பே அந்த மூன்றையும் சொல்லத் தெரிந்தவர் நல்ல முகாம்காரர். அந்த அறிவு நம்மிடம் உண்டு. அதைக் கூலிக்குக் கொடுக்கலாம். ஆனால் கடதாசி இல்லாமல் கொடுக்க வேண்டாம்.