இலவச இணைப்பின் விலை

1990களின் தொடக்கத்தில் கணினி தயாரிப்பாளர்களோடு மைக்ரோசாஃப்ட் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருந்தது. தன் இயங்குதளம் உள்ளே இருக்கிறதோ இல்லையோ, விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். வேறு இயங்குதளத்தைப் போட்டு விற்க நினைத்த தயாரிப்பாளர் இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுமை கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழும். ரசீதில் மட்டும் தெரியாது. அமெரிக்க நீதித்துறையின் தலையீட்டால் 1994-இல் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. பெரிய மென்பொருள் நிறுவனத்தின் மீது வழக்கு என்றதும், கோடீசுவரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அது நம் பணத்தையும் நம் தெரிவையும் பற்றிய வழக்கு. அதில் நாம் கவனிக்க வேண்டியது அபராதத் தொகையை அல்ல. என்ன நிபந்தனை விதித்தார்கள், எப்போது விதித்தார்கள் என்பதை.

1998 மே 18 அன்று மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசும் 20 மாநிலங்களும் தொடுத்த வழக்கு இதற்கு நல்ல சான்று. இன்டெல் வகைக் கணினிகளின் இயங்குதளச் சந்தையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் விண்டோஸின் கையில் இருந்ததாக நீதிமன்றம் கண்டது. அவ்வளவு பெரிதாக வளர்ந்தது குற்றமல்ல. நெட்ஸ்கேப் உலாவியை ஓரங்கட்ட அந்த வலிமையைப் பயன்படுத்திய விதம்தான் குற்றம். தங்கள் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நீக்கக் கூடாது என்று கணினி தயாரிப்பாளர்களின் கையைக் கட்டினார்கள். மேக் கணினிக்கான ஆபீஸ் தொகுப்பை நிறுத்திவிடுவோம் என்று ஆப்பிளை மிரட்டினார்கள். நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி நீதிபதி ஜாக்சன் 2000 ஜூனில் பிறப்பித்த உத்தரவை மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்தது. ஆனால் சட்டவிரோதமான வழிகளில் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்ற முடிவை அதுவும் உறுதிசெய்தது. நடத்தை நிபந்தனைகள் கொண்ட இறுதித் தீர்ப்பு 2002 நவம்பரில் வந்தது. அதற்குள் நெட்ஸ்கேப் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, சந்தையில் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது.

உலாவியை இலவசமாகத்தானே கொடுத்தார்கள், வாடிக்கையாளருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கணினியைத் திறந்ததும் எல்லாம் தயாராக இருப்பது வசதி என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் போட்டியாளர் இருக்கும்வரைதான் இலவசப் பொருளைச் செம்மைப்படுத்த வேண்டிய கட்டாயம் கொடுப்பவருக்கு இருக்கும். நெட்ஸ்கேப் வீழ்ந்தபின் 2001-இல் வெளியான எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்புக்கு அடுத்த பதிப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. அதுவும் ஃபயர்ஃபாக்ஸ் நெருக்கிய பிறகே வந்தது. பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பேர்போன பதிப்போடு உலகம் அத்தனை காலம் கிடந்தது; இலவச இணைப்புக்கு நாம் கொடுத்த விலை அது.

தீர்வை எப்படி வகுக்கக் கூடாது, எப்படி வகுக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் ஐரோப்பாவில் பாடம் இருக்கிறது. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. நிறுவனம் அதை வழக்கமான விண்டோஸின் விலைக்கே விற்றது. அதே விலைக்கு ஒன்று குறைவான பொருளை யார் வாங்குவார்? கிட்டத்தட்ட யாரும் வாங்கவில்லை. அதே உத்தரவின் இன்னொரு பகுதி, போட்டியாளர்களின் சர்வர்கள் விண்டோஸோடு இணைந்து இயங்கத் தேவையான தொழில்நுட்பத் தகவல்களைத் தரவேண்டும் என்றது. நிறுவனம் இழுத்தடித்தது; மேலும் அபராதங்கள் விழுந்தன. ஆனாலும் 2007 இறுதியில் சம்பா என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்குவோர் கையில் அந்த ஆவணங்கள் சேர்ந்தன. என் பார்வையில் அபராதங்கள் எல்லாவற்றையும்விட அதிகம் சாதித்தது இந்த ஒரு நிபந்தனைதான். விருப்பமான உலாவியைத் தேர்ந்துகொள்ளும் திரையைக் காட்டுவதாக 2009-இல் தந்த உறுதியோ, 2011 மேயிலிருந்து 2012 ஜூலைவரை சுமார் 1.5 கோடிப் பேர் விஷயத்தில் நிறைவேறவில்லை. அதற்காக 2013-இல் 56.1 கோடி யூரோ அபராதம் வந்தது. ஆபீஸ் தொகுப்போடு டீம்ஸ் என்ற உரையாடல் செயலியைச் சேர்த்துக் கொடுப்பது பற்றி 2020-இல் ஸ்லாக் நிறுவனம் அளித்த புகார் 2025 செப்டம்பரில் முடிவுக்கு வந்தபோது, டீம்ஸ் இல்லாத தொகுப்பைக் குறைந்த விலையில் தர மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. 2004-இல் விட்ட ஓட்டை அடைபட்டிருக்கிறது.

தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது, சந்தை தானே சரிசெய்துகொள்ளும், வழக்கு வீண் என்பது இன்னொரு வாதம். கைபேசி வந்தபின் விண்டோஸின் பிடி தளர்ந்தது உண்மையே. ஆனால் கைபேசியிலும் அதே உத்தி வேறொரு நிறுவனத்தின் பெயரில் திரும்பியது. பிளே ஸ்டோர் வேண்டுமானால் தன் செயலிகளின் தொகுப்பையும் சேர்த்தே பதிய வேண்டும் என்று கைபேசி தயாரிப்பாளர்களைக் கூகுள் கட்டாயப்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சில உத்தரவுகள் நீக்கப்பட்டாலும் அபராதம் நின்றது. அந்த விசாரணையைத் தொடங்கிவைத்தது போட்டி நிறுவனம் எதுவுமல்ல. ஆண்ட்ராய்டு பயனர்கள் மூவர் அளித்த தகவல்.

2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அப்படித் தகவல் அளிக்கும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 4-ஆம் பிரிவு மீறப்பட்டதாக எந்த நபரும், நுகர்வோர் அமைப்பும், வணிகர் சங்கமும் ஆணையத்திடம் தகவல் அளிக்கலாம். தனக்கு நேரடி நட்டம் நேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. முகாந்திரம் இருப்பதாக ஆணையம் கருதினால் தலைமை இயக்குநரை விசாரிக்கச் சொல்லும். மீறல் உறுதியானபின் இழப்பீடு கோர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஒருவருடைய மென்பொருள் வேலை செய்யவில்லை, பணம் திரும்பவில்லை என்றால் அது வேறு. அதற்கு 1915 உதவி எண்ணும் நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. ஒன்றை வாங்கப் போனால் வேண்டாத இன்னொன்றைத் தலையில் கட்டுவது, வெளியேற விடாத ஒப்பந்தம் போன்றவை ஒரு சந்தையையே பாதிக்கும்போதுதான் போட்டி ஆணையத்திடம் போக வேண்டும். போகிறவர்கள் ஒப்பந்தம், விலைப்பட்டியல், மின்னஞ்சல், திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்த வேண்டும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தகவல் அளித்தாக வேண்டும்.