இளவேனிற் பந்தாட்டச் சங்கங்களும் இரசிகர் மனநிலையும்

ஆடுவோர் இன்றி ஆட்டம் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. ஆட்டம் ஒரு தொழிலாகும்போது காண்போர் இன்றியும் அது நிலைபெறுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இளவேனிற் காலத்தில் உதைபந்தாட்டம் நடத்த முற்பட்ட புதிய சங்கங்களின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். 1983ஆம் ஆண்டு முதலாக அத்தகைய சங்கங்கள் பல தோன்றின. அவற்றுட் பெரும்பாலன சின்னாளில் மறைந்தன. அவை தோன்றியபோதும் மறைந்தபோதும் இரசிகர் எவ்வாறு நடந்துகொண்டனர், ஏன் அவ்வாறு நடந்துகொண்டனர் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளுட் புகுமுன் ஒன்று தெளிதல் வேண்டும். ஈண்டு உதைபந்தாட்டம் எனப்படுவது நம் நாட்டுப் பாடசாலை மைதானங்களிலே காலால் உதைத்து ஆடப்படுவது அன்று. றக்பி ஆட்டத்தின் வழித்தோன்றலாய், நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் முன்னோக்கி எறிந்தும் ஆடப்படும் அமெரிக்க ஆட்டமே அது. அந்நாட்டில் இவ்வாட்டத்துக்குத் தலைமை பூண்டு நிற்பது 1920ஆம் ஆண்டிலே தோன்றிய தேசிய உதைபந்தாட்டச் சங்கம். அதன் போட்டிகள் செப்டெம்பரில் தொடங்கிப் பெப்ரவரியில் முடிவுறும். எஞ்சிய மாதங்களில் தொழின்முறை ஆட்டம் காண விழைவோர்க்குப் பெரிதாக யாதும் இல்லை. பசித்தோர் பலர் இருக்கின்றனர், உணவிடுவார் இல்லை, ஆதலின் இளவேனிலிற் பந்தி விரித்தாற் கூட்டம் தானே வந்து சேரும் என்று முதலீட்டாளர் சிலர் கருதினர். இக்கருத்து முற்றிலும் பிழையன்று. ஆயின் முழுமையானதும் அன்று.

நியூ ஓர்லியன்ஸ் நகர வணிகர் டேவிட் டிக்சன் நெடுநாள் எண்ணி வந்த திட்டத்தின் பயனாக, ஐக்கிய அமெரிக்க உதைபந்தாட்டச் சங்கம் 1983 மார்ச் மாதத்திலே பன்னிரண்டு அணிகளுடன் ஆட்டத்தைத் தொடங்கியது. ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வீரர் ஹேர்ஷல் வோக்கர் தம் கல்லூரிக் காலம் முடியுமுன்னரே அதிற் சேர்ந்தார். ஸ்டீவ் யங், ஜிம் கெலி, ரெஜி வைற் முதலாகப் பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய வீரர் பலரும் அச்சங்கத்திலேயே தம் தொழிலைத் தொடங்கினர். முதலாண்டில் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 25,000 பேர் வந்தனர். டென்வர் நகரிலோ இத்தொகை 40,000ஐத் தாண்டியது. அந்நகரில் தேசியச் சங்கத்தின் அணியொன்று முன்னரே இருந்தது என்பது கருதத்தக்கது. குளிர்காலத்தில் ஓர் அணியையும் இளவேனிலில் மற்றோர் அணியையும் போற்றுவதில் அந்நகரத்தார் முரண்பாடு யாதும் காணவில்லை.

அவர்களுடைய அன்பை இழக்கச் செய்தது ஆட்டத்தின் தரக்குறைவன்று. 1984 ஆகஸ்ட் மாதத்தில் அணி உரிமையாளர்கள் கூடி, 1986 முதல் இளவேனிலைக் கைவிட்டு இலையுதிர் காலத்தில், தேசியச் சங்கத்துக்கு நேரெதிரே ஆடுவதெனத் தீர்மானித்தனர். இதனை முன்னின்று வற்புறுத்தியவர் நியூ ஜேர்சி அணியின் உரிமையாளரும் பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியாக வந்தவருமாகிய டொனல்ட் டிரம்ப். முதலாண்டு வாகை சூடிய மிச்சிகன் அணி ஓக்லன்ட் அணியோடு இணைக்கப்பட்டது. இரண்டாமாண்டு வாகை சூடிய பிலடெல்பியா அணி போல்டிமோருக்குப் பெயர்க்கப்பட்டது. டென்வர் நகரத்தார் தம் பழைய அணிக்கும் புதிய அணிக்கும் இடையே ஒன்றைத் தெரிய வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர், பழையதையே தெரிந்தனர். 1985இல் அங்கு வந்தோர் தொகை முதலாண்டின் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. சங்கம் நீதிமன்றத்தை நாடியது. தேசியச் சங்கம் தனியுரிமை கொண்டு ஒழுகியது உண்மையே என்று 1986இல் யூரிமார் தீர்ப்பளித்தனர். ஆயினும் நட்டஈடாக விதித்தது ஒரேயொரு டொலர். சட்டப்படி அது மும்மடங்காகி மூன்று டொலராயிற்று. இலையுதிர் கால ஆட்டமோ நடைபெறவேயில்லை.

இரசிகரிடம் முதலில் எழுவது ஆவல். ஆவல் வேறு, பற்று வேறு என்பதை 2001ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டும். மல்யுத்தக் காட்சிகள் நடத்திப் பெயர்பெற்ற வின்ஸ் மக்மான், ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனத்துடன் கூடி எக்ஸ்.எப்.எல். என்னும் சங்கத்தை அவ்வாண்டு பெப்ரவரியில் தொடங்கினார். முதலிரவு தொலைக்காட்சியுள்ள இல்லங்களுள் நூற்றுக்கு 9.5 இல்லங்கள் அதனைக் கண்டன. பருவம் முடியுமுன்னரே அது 1.5 ஆகத் தேய்ந்தது. மல்யுத்த ஆரவாரத்தை நாடி வந்தோர்க்கு அங்கே இருந்தது வெறும் பந்தாட்டம்; பந்தாட்டத்தை நாடி வந்தோர்க்கு ஆரவாரம் மிகையாயிற்று. இருதிறத்தாரும் விலகினர். மே மாதத்திற் சங்கம் கலைந்தது.

ஆவலுக்கு அடுத்து எழுவது ஐயம். இதனை அறிய அலபாமா மாநிலத்துப் பேர்மிங்காம் நகரை நோக்குதல் சாலும். 1983இல் அந்நகருக்கு ஸ்டாலியன்ஸ் என்னும் அணி வந்தது. மூன்று பருவத்தில் மறைந்தது. 1991இல் பயர் என்னும் அணி வந்தது. இரண்டு பருவத்தில் மறைந்தது. 2001இல் தண்டர்போல்ட்ஸ் ஒரு பருவம். 2019இல் அயர்ன் என்னும் அணி வந்தது. அதற்கு ஒரு பருவந்தானும் முற்றுப்பெறவில்லை. அவ்வணி சேர்ந்திருந்த அமெரிக்க உதைபந்தாட்டக் கூட்டணி பெப்ரவரியிலே தொடங்கி, பத்து வாரப் பருவத்தில் எட்டு வாரமே கடந்த நிலையில், ஏப்ரல் 2ஆந் தேதி பணமின்றி நின்றுபோயிற்று. 1983இல் இருபது வயதினராய் இருந்த ஒருவர் ஐம்பத்தாறு வயதுக்குள் நான்கு அணிகளை இழந்தவராகின்றார். அவரிடம் ஐந்தாவது சங்கம் வந்து பருவச்சீட்டு வாங்குமாறு வேண்டினால் அவர் தயங்குவது இயல்பன்றோ? சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பது நம் முதுமொழி. புதிய சங்கங்களைப் பற்றிப் பலர் கூறும் ஏளனமொழிகள் பெரும்பாலும் இத்தயக்கத்தின் மறுவடிவமே. முன்னர் நம்பி ஏமாந்தவர் இம்முறை தாமே முந்திக்கொண்டு நகைக்கின்றார்.

ஐயத்தைக் கடந்து பற்று வேரூன்றிய இடங்களும் உள. அவற்றுள் முதன்மையானது மிசூரி மாநிலத்துச் சென்ற் லூயிஸ் நகரம். அந்நகரம் 1988இல் ஒரு தேசியச் சங்க அணியை இழந்தது. 1995இல் வந்த ராம்ஸ் என்னும் மற்றோர் அணியும் 2016இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. அப்பெயர்ச்சி குறித்து நகரத்தார் தொடுத்த வழக்கு 2021இல் 790 மில்லியன் டொலருக்குத் தீர்க்கப்பட்டது. பணம் வந்தது, அணி வரவில்லை. 2020இல் மீளத் தொடங்கிய எக்ஸ்.எப்.எல்., பற்றில்ஹோக்ஸ் என்னும் அணியை அங்கே நிறுவியபோது மக்கள் பருந்தின் குரலெழுப்பிக்கொண்டு அரங்கிற் கூடினர். கொள்ளைநோய் காரணமாக அப்பருவம் ஐந்து வாரத்தில் நின்றது. ஆயினும் 2023இல் அணி மீண்டபோது முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு 38,000க்கு மேற்பட்டோர் வந்தனர். மறுவருடம் அத்தொகை 40,000ஐத் தாண்டியது. இக்கூட்டம் ஆட்டத்தை மட்டும் காண வந்ததன்று. எம் நகரம் அணியொன்றுக்குத் தகுதியற்றதன்று என்று உலகறியச் சொல்லவும் வந்தது.

வொஷிங்டன் நகர இரசிகரோ வேறொரு வகையாற் பற்றைக் காட்டினர். வெறும் பியர்க் கிண்ணங்களை ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, வரிசை வரிசையாக நீளும் ஒரு பாம்பை உருவாக்குதல் அவர்கள் வழக்கம். 2023 பெப்ரவரியில் அரங்கக் காவலர் அதனைப் பறித்தபோது, அவர்கள் எலுமிச்சங்கனிகளை மைதானத்துள் வீசினர். செயல் பாராட்டத்தக்கதன்று, எனினும் அதன் பொருள் ஆழமானது. சங்கம் விலைகொடுத்துப் பெறவியலாத ஒன்றை, அஃதாவது ஒரு வழக்கத்தை, இரசிகர் தாமே படைத்துக்கொண்டனர் என்பதே அது. வழக்கம் தோன்றிய இடத்திற் பற்றுத் தோன்றிவிட்டது எனத் துணியலாம்.

பற்று ஊரோடு பிணைந்தது என்பதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2022இல் பழைய பெயரோடு புதிதாகத் தொடங்கிய ஐக்கிய அமெரிக்க உதைபந்தாட்டச் சங்கம், செலவைக் குறைத்தற்பொருட்டு, எட்டு அணிகளின் பருவ ஆட்டங்கள் அனைத்தையும் பேர்மிங்காமிலேயே நடத்தியது. பிலடெல்பியா, நியூ ஜேர்சி, மிச்சிகன் என்பன பெயரளவில் நின்றன. உள்ளூர் அணி ஆடியபோது அரங்கில் மக்கள் கூடினர். ஏனைய ஆட்டங்களில் இருக்கைகளே எஞ்சின. ஆட்டம் ஒன்றே, ஆடுவோர் திறனும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது ஊர் ஒன்றுதான்.

இவ்விரு சங்கங்களும் 2024இல் இணைந்து எட்டு அணிகளுடன் புதிய சங்கமாயின. இணைப்பை அறிந்த இரசிகருள் ஒருசாரார், வலிமை சிதறாமல் ஒன்றுபட்டது நன்றென மகிழ்ந்தனர். சியாற்றில், பிலடெல்பியா முதலிய அணிகளின் அன்பர்கள் தம் அணி கைவிடப்பட்டதே என வருந்தினர். 2025ஆம் ஆண்டுப் பருவத்தின் பின்னர் மிச்சிகன், மெம்பிஸ், சான் அன்ரோனியோ அணிகளும் விடப்பட்டு வேறு மூன்று நகரங்கள் தெரியப்பட்டன. 2019இல் மறைந்த கூட்டணிக்கு மிகப் பெருங்கூட்டம் திரண்ட நகரம் சான் அன்ரோனியோ என்பதை நினைப்போர்க்கு, ஆதரவு ஒன்றே அணியைக் காவாது என்பதும் புலனாகும்.

உரிமையாளரை மட்டும் குறைகூறுதல் நடுவுநிலையாகாது. ஆட்டக்காரர் ஊதியம், பயணம், காப்புறுதி, அரங்க வாடகை என்பன பெருஞ்செலவு. நுழைவுச்சீட்டு வருவாய் அதற்கு ஈடாவதில்லை. இச்சங்கங்களால் விளைந்த நன்மையும் உண்டு. 2020இல் எக்ஸ்.எப்.எல். கையாண்ட தொடக்க உதை முறையைத் தழுவியே தேசியச் சங்கம் 2024இல் தன் முறையை மாற்றியமைத்தது. வாய்ப்பிழந்த வீரர் பலர் இங்கே ஆடி மறுவாழ்வு பெற்றனர்.

எனினும் ஓருண்மை எஞ்சி நிற்கின்றது. நட்பாராய்தல் என ஓர் அதிகாரம் வகுத்துத் திருவள்ளுவர், நட்புக்கொள்ளுமுன் ஆராய்தலின் இன்றியமையாமையை உணர்த்தினார். இளவேனில் இரசிகர் செய்வதும் அதுவே. “ஆட்டம் நன்றா?” என்று அவர் வினவுவது ஒருமுறை, “அடுத்த ஆண்டும் இருப்பீரா?” என்று வினவுவது பன்முறை. முதல் வினாவுக்குத் திறமையால் ஒரு மாலைப்பொழுதில் விடை கூறலாம். இரண்டாவதற்குக் காலம் ஒன்றே விடை கூறவல்லது. அக்காலத்தைப் பொறுமையோடு கொடுக்கத் துணியும் சங்கமே இளவேனிலில் நிலைபெறும். துணியாதது எத்துணை விளம்பரம் செய்யினும், பேர்மிங்காம் நகரத்தார் நினைவில் மற்றுமொரு பெயராகவே எஞ்சும்.