சிறுநீர் மாதிரி கெடுவது எப்படி?

காலை ஆறு மணிக்குப் பிடித்த சிறுநீரை ஒன்பதரை மணிக்கு லேபில் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். சமையல் முடிய வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும், பஸ் கிடைக்க வேண்டும். இந்த மூன்றரை மணி நேரமும் டப்பாவுக்குள் ஒன்றும் மாறாமல் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். உண்மையில் நிறைய மாறிவிடுகிறது. அந்த மாற்றம் ரிப்போர்ட்டில் நோயாகவும் தெரியலாம், இருக்கும் நோயை மறைத்தும் விடலாம்.

முதலில் கிருமிகள். சிறுநீர் வெளியே வரும் வழியில் தோலில் உள்ள பாக்டீரியா சிறிது கலக்கத்தான் செய்யும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வது அதைக் குறைப்பதற்காக. ஆனால் அடியோடு தவிர்க்க முடியாது. அதனால்தான் கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சரில் கிருமி இருக்கிறதா என்பதோடு எத்தனை இருக்கிறது என்றும் எண்ணுகிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் உண்மையான தொற்று என்ற அளவுகோலை 1950களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் வகுத்தார். நோயாளிக்கு ஏற்ப இதைவிடக் குறைந்த எண்ணிக்கையையும் மருத்துவர்கள் இன்று கணக்கில் எடுக்கிறார்கள் என்றாலும், அந்த ஒரு லட்சம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலிலிருந்து கலந்த கிருமிகள் மில்லிலிட்டருக்கு ஆயிரம்தான் என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒருமுறை அவை இரட்டித்தால் நான்கு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். சிறுநீர்த் தொற்றை அதிகம் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்த வெப்பநிலை 37 டிகிரி. சித்திரை வெயிலில் மதுரையிலோ வேலூரிலோ ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருக்கும் டப்பாவுக்கு அந்தச் சூடு தானாகவே கிடைத்துவிடுகிறது. வெளியே வைத்த இட்லி மாவு கோடையில் எவ்வளவு சீக்கிரம் பொங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பெரிய கவலை கர்ப்பிணிகளைப் பற்றித்தான். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாவிட்டாலும் கல்ச்சரில் கிருமி அதிகம் என்று வந்தால் அவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். கவனிக்காமல் விட்டால் தொற்று சிறுநீரகம்வரை ஏறக்கூடும் என்பதால் அது சரியான சிகிச்சைதான். ஆனால் அந்தக் கிருமி டப்பாவுக்குள் பெருகியதாக இருந்தால், தேவையில்லாத மருந்து ஒரு தாயின் உடம்புக்குள் போகிறது.

சாதாரண யூரின் பரிசோதனையும் தப்புவதில்லை. பெருகும் பாக்டீரியா சிறுநீரில் உள்ள சர்க்கரையைத் தின்றுவிடும். இருந்த சர்க்கரை ரிப்போர்ட்டில் குறைந்தோ இல்லாமலோ போகும். சில வகை பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் அது தொற்று போலக் காட்டும். இன்னும் சில யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும். பழைய சிறுநீரின் காரமான நெடி அதிலிருந்துதான் வருகிறது. அம்மோனியா ஏற ஏறச் சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. அப்போது சிவப்பணு, வெள்ளையணு, சிறுநீரக நோயைக் காட்டிக்கொடுக்கும் காஸ்ட் என்ற நுண்துகள் எல்லாம் சிதைந்து கரைந்துவிடும். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு எதுவும் தென்படாது. மஞ்சள் காமாலையில் வெளிவரும் பிலிருபினை வெளிச்சமே சிதைத்துவிடும் என்பதால் டப்பாவை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்கக் கூடாது.

என்ன செய்யலாம்? பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனை தொடங்குவதுதான் நல்லது. முடியாவிட்டால் மூடியை இறுக்கி, கவரில் போட்டு, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் கிருமிகள் சாகாது, ஆனால் பெருகுவது ஏறக்குறைய நின்றுவிடும். கல்ச்சருக்கான மாதிரி அப்படி 24 மணி நேரம்வரை தாங்கும். ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம். உறைந்தால் அணுக்கள் உடைந்துபோகும். ஃபிரிட்ஜுக்கும் ஒரு குறை உண்டு. குளிரில் உப்புகள் படிந்து சிறுநீர் கலங்கும், புதிதாகப் படிகங்கள் தோன்றும். ஆகவே கல் பிரச்சினைக்காகப் படிகங்களைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அப்போதே பிடித்த சிறுநீர்தான் நம்பகமானது.

சில லேப்களில் போரிக் அமிலம் போட்ட குழாய் தருவார்கள். கல்ச்சருக்கான சிறுநீரில் கிருமி பெருகாமலும் சாகாமலும் அப்படியே நிறுத்தி வைப்பது அதன் வேலை. குழாயில் உள்ள கோடுவரை நிரப்புங்கள். குறைவாக ஊற்றினால் அமிலத்தின் செறிவு கூடி, இருக்கும் கிருமியையும் அடக்கிவிடும். 24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கக் கேன் தந்தால், அதில் முன்கூட்டியே ஊற்றியிருக்கும் திரவத்தைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். கால்சியம் போன்ற சில பரிசோதனைகளுக்கு அப்படி ஊற்றும் அமிலம் அவசியம். கையில் பட்டால் புண்ணாகும் என்பதால் கவனமும் தேவை.

வீட்டில் கழுவி வைத்த மருந்து பாட்டிலில் பிடிக்கவே வேண்டாம். ஒட்டியிருக்கும் சிரப் இல்லாத சர்க்கரையைக் காட்டக்கூடும். பிளீச்சிங் பவுடரின் மிச்சம் ஸ்ட்ரிப்பில் இல்லாத சர்க்கரையையும் ரத்தத்தையும் காட்டக்கூடும்.

வசதி இருந்தால் லேபுக்குப் போய் அங்கேயே பிடித்துக் கொடுங்கள். வீட்டில் பிடித்தால் பிடித்த நேரத்தை டப்பாவின் மேல் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது அதுவும் மாறிவிடும். தாமதமாகிவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொரு டப்பா வாங்கி மறுபடி பிடித்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.