கரையும் ஸ்டென்ட்: இதயத்தில் சறுக்கியது, காலில் நிற்குமா?

செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தெற்கே, ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைகிறது. அங்கே தயாரிக்கத் தகுந்தவற்றில் கரையும் ஸ்டென்டுக்கும் ஓர் இடம் கேட்கலாம். அடைப்புள்ள ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்தான் ஸ்டென்ட். உலோக ஸ்டென்ட் ஆயுள் முழுக்க ரத்தக்குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும். பாலிலாக்டைடு என்னும் பாலிமரில் செய்ததோ, கட்டடத்துச் சாரம் போல, சுவர் ஆறும்வரை தாங்கிவிட்டுச் சில ஆண்டுகளில் கரைந்துவிடும்.

“அது தோற்றுப்போன சரக்காயிற்றே?” என்று கேட்பது நியாயம்தான். அபாட் நிறுவனத்தின் அப்சார்ப் என்னும் கரையும் ஸ்டென்ட் 2012-இல் இந்தியாவுக்கு வந்தது. 2017-இல் விற்பனை நின்றது. இதயக் குழாய்களில், உலோக ஸ்டென்டைவிட அதில் ரத்தம் கூடுதலாக உறைந்ததை ஆய்வுகள் காட்டின. ஆனால் பழியில் பெரும்பங்கு ஏறத்தாழ 150 மைக்ரான் தடித்த அதன் கம்பிகளுக்கு. குஜராத் வாப்பியின் மெரில் நிறுவனம் தன் கரையும் ஸ்டென்டில் அந்தத் தடிமனை 100 மைக்ரானாகக் குறைத்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, முழங்காலுக்குக் கீழுள்ள ரத்தக்குழாய்களுக்கு அபாட்டின் எஸ்ப்ரிட் என்னும் கரையும் ஸ்டென்டை அனுமதித்தது; ஓராண்டு முடிவில் அது வெறும் பலூன் சிகிச்சையைத் தெளிவாக முந்தியது. சர்க்கரை நோயால் காலை இழப்பவர்கள் மிகுந்த நம் நாட்டுக்கு, இதயத்துக்கானதைவிடக் காலுக்கான ஸ்டென்டே அவசரம். விலைக்கு அஞ்சுவோரும் உண்டு. 2017-இல் மத்திய அரசு, இதயத்துக்கான கரையும் ஸ்டென்டுக்கும் சேர்த்து 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. காலுக்கும் அப்படியொரு வரம்பு வேண்டும். அதுவரை, சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் ஆறாத புண் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.